முகவரி எண்ணும் ஆளின் பெயரும்

திரைப்படம் ஒன்றைப் பணம் கொடாமல் கணினியில் இறக்கிப் பார்ப்பவர், தாம் ஒரு பொருளை எடுத்துக்கொண்டதாகவே எண்ணுகின்றார். 'இறக்குதல்' என்னும் சொல்லே அவ்வெண்ணத்துக்கு இடந்தருகின்றது. தலையிலிருந்த சுமையைத் தரையில் இறக்கினால் வேலை முடிந்தது என்பது அச்சொல்லின் இயல்பு. ஆனால் 'டோரன்ட்' என்னும் முறையில், இறக்குபவர் அதே வேளையில் பிறருக்கு ஏற்றிக் கொடுப்பவராகவும் இருக்கின்றார். பலரிடத்தில் இஃது அவர் அறியாமலேயே நிகழ்கின்றது. 2007ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூரில் இது தொடர்பாக எழுந்த வழக்குகளுக்கும், வீடு தேடி வந்த கடிதங்களுக்கும் இவ்வொரு நுட்பமே வேர்.

டோரன்ட் என்னும் ஆங்கிலச் சொல், கரைபுரண்டு ஓடும் வெள்ளத்தைக் குறிப்பது. 2001ஆம் ஆண்டில் பிராம் கோஹன் என்னும் அமெரிக்கர் 'பிட்டோரன்ட்' முறையை வெளியிட்டார். பொதுவாக ஒரு கோப்பைப் பெற விரும்புவோர் அனைவரும் அதனை வைத்திருக்கும் ஒரே கணினியை நாடுவர். கேட்போர் பெருகப் பெருக அதன் வேகம் குன்றும். ஊரார் அனைவரும் ஒரே குழாயடியில் குடத்துடன் நிற்பது போன்ற நிலை அது. கோஹன் இந்நிலையைத் தலைகீழாக்கினார். கோப்பு சிறுசிறு துண்டுகளாகப் பகுக்கப்படும். ஒரு துண்டைப் பெற்றவர் அதனை உடனே மற்றவருக்கும் வழங்குவார். எனவே கேட்போர் பெருகினால் கொடுப்போரும் பெருகுவர். யாரோ ஒருவர் பிழையான துண்டைக் கலந்துவிடாதிருக்க, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு.

இம்முறையில் வழங்கும் கலைச்சொற்கள் சுவையானவை. கோப்பு முழுவதையும் வைத்து வழங்குவோர் 'விதைப்போர்'. பெற்றுக்கொண்டு, கொடாமல் விலகுவோர் 'அட்டை'. மழைக்காட்டில் காலைப் பற்றிக் குருதி உறிஞ்சும் அட்டைதான். ஒரே கோப்பைத் தம்முள் பகிர்ந்துகொள்வோரின் கூட்டத்துக்குத் தேனீத் திரளைக் குறிக்கும் சொல்லையே வைத்தனர். கொடாதவனை இழித்துரைக்கும் இவ்வழக்கில், உரியவரைக் கேளாமல் எடுத்தலை இழித்துரைக்கும் சொல் இல்லை என்பது நோக்கத்தக்கது. முறை குற்றமுடையதன்று, லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் இதன் வழியே முறைப்படி வழங்கப்படுகின்றன. அதில் ஓடும் சரக்கே வழக்குக்கு உரியது.

திரளில் ஒருவருக்குத் துண்டை அனுப்ப வேண்டுமாயின், அவர் இருக்குமிடம் தெரிந்தாக வேண்டும். ஆகவே திரளிலுள்ள ஒவ்வொருவரின் இணைய முகவரி எண்ணும் மற்றவர்க்குத் தெரிகின்றது. முன்னாளில் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒருவர் திருட்டு வட்டு ஒன்றை வாங்கியிருந்தால், கடைக்காரர் அவர் பெயரைக் கேட்டிருக்கமாட்டார். சில வெள்ளிகளோடு அவருடைய தொடர்பு முடிந்துவிடும். டோரன்டில் வெள்ளி கைமாறுவதில்லை. ஆனால் வருகைப் பதிவேட்டில் எண் விழுந்துவிடுகின்றது. அப்பதிவேட்டைப் பார்க்க எவருடைய இசைவும் வேண்டியதில்லை. கண்காணிக்கும் நிறுவனம் தானும் ஒரு தேனீயாகத் திரளில் புகுந்தால் போதும்.

அவ்வாறு கிடைப்பது எண் மட்டுமே, பெயர் அன்று. இன்ன நாளில், இன்ன மணியில், இன்ன எண் எந்தச் சந்தாதாரரிடம் இருந்தது என்பதை இணையச் சேவை நிறுவனம் மட்டுமே அறியும். அதன் ஏட்டைத் திறக்கும் திறவுகோல் நீதிமன்றத்தின் கையில் உள்ளது. இதற்கு அடிப்படையாவது 1973ஆம் ஆண்டில் பிரிட்டனின் பிரபுக்கள் அவை அளித்த நார்விச் ஃபார்மகல் தீர்ப்பு. ஒரு வேதிப்பொருளின் காப்புரிமை பெற்ற நிறுவனம், அதனை முறையின்றி இறக்குமதி செய்தோரின் பெயர்களைச் சுங்கத்துறையிடம் கேட்டது. தான் தவறு செய்யாதவராயினும், பிறர் தவற்றுக்கு வழியாக அமைந்துவிட்டவர், தவறிழைத்தோரின் பெயரைச் சொல்லக் கடமைப்பட்டவர் என்பது அத்தீர்ப்பின் சாரம். (காப்புரிமை புதுக் கண்டுபிடிப்புக்கு உரியது, நூல், பாட்டு, திரைப்படம் ஆகியவற்றுக்கு உரியது பதிப்புரிமை. இரண்டையும் ஒன்றாக எழுதுவது இன்று பெருகிவிட்டது.)

இக்கொள்கை சிங்கப்பூரில் ஊரறியச் சோதிக்கப்பட்டது 2007ஆம் ஆண்டில். ஓடெக்ஸ் என்னும் உள்ளூர் நிறுவனம் ஜப்பானிய இயங்குபடங்களை இங்கு வெளியிட்டு வந்தது. அவற்றை டோரன்டில் இறக்கியோரின் எண்களை அது அமெரிக்கக் கண்காணிப்பு நிறுவனம் ஒன்றின் வழியாகத் திரட்டிக்கொண்டு நீதிமன்றத்தை நாடியது. சிங்நெட், ஸ்டார்ஹப் ஆகிய இரண்டு நிறுவனங்களிடமிருந்தும் பெயர்களைப் பெறும் ஆணை அதற்குக் கிடைத்தது. பின்னர் வீடுகளுக்குக் கடிதங்கள் சென்றன. 3,000 முதல் 5,000 வெள்ளி வரை செலுத்தித் தீர்த்துக்கொள்ளாவிடில் வழக்கு என்று அவை கூறின. படம் பார்த்தோருள் மாணவர் பலர். கடிதம் பெற்றோர் சந்தாதாரர்களாகிய பெற்றோர். மக்களிடையே எழுந்த சினத்துக்கு அளவில்லை.

மூன்றாவது நிறுவனமாகிய பசிஃபிக் இண்டர்நெட் ஏட்டைத் திறக்க மறுத்து வாதாடியது. 2007 ஆகஸ்ட் 23ஆம் நாள் மாவட்ட நீதிமன்றம் அதன் பக்கம் தீர்ப்பளித்தது. கேட்பவர் பதிப்புரிமையாளராகவோ, தனி உரிமம் பெற்றவராகவோ இருத்தல் வேண்டும். ஓடெக்ஸ் பெரும்பாலான படங்களுக்கு அத்தகைய உரிமை உடையது அன்று என்பது காரணம். 2008ஆம் ஆண்டு ஜனவரியில் உயர்நீதிமன்றம், ஜப்பானிய உரிமையாளர்கள் தாமே வழக்கில் சேர்ந்த பின்னர், பெயர்களை அவர்களுக்கு அளிக்குமாறு ஆணையிட்டது. ஆகவே முடிவில் ஏடு திறக்கப்பட்டதே என்று சிலர் கூறுவர். அவ்வாறு கொள்வது அவ்வழக்கின் பயனைக் குறைத்து மதிப்பதாகும். ஒருவருடைய பெயரைக் கேட்க யாருக்கு உரிமை உண்டு என்னும் வினாவை நீதிமன்றம் முதலில் வைத்தது. மறுத்து வாதிட ஒரு நிறுவனம் இருந்ததனாலேயே அவ்வினா எழுந்தது.

2015ஆம் ஆண்டில் 'டல்லாஸ் பையர்ஸ் கிளப்' என்னும் அமெரிக்கப் படத்தின் உரிமையாளர்கள் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட சிங்கப்பூர் எண்களைக் குறித்து இதே வழியில் இறங்கினர். அடுத்து வேறு இரண்டு படநிறுவனங்கள் அவ்வாறே பெயர்களைக் கேட்டபோது, அரசுத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் குறுக்கிட்டது. 2017ஆம் ஆண்டில், சான்று போதாது என்று உயர்நீதிமன்றம் அவ்விண்ணப்பங்களைத் தள்ளியது.

சான்று போதாமை வெறும் சட்ட நுணுக்கம் அன்று. 2008ஆம் ஆண்டில் அமெரிக்க வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தனர். திரளில் தவறான எண்களைப் பதியச் செய்தபோது, பல்கலைக்கழகத்தின் அச்சுப்பொறிகள் மீதே படங்களைக் களவாடியதாகக் குற்றச்சாட்டுக் கடிதங்கள் வந்தன! அச்சுப்பொறி படம் பார்ப்பதில்லை. எண் சரியாகவே இருப்பினும், அது காட்டுவது சந்தா செலுத்துபவரை; விசையை அழுத்தியவரை அன்று. நான்கு அறை அடுக்குவீட்டில் தந்தை பெயரில் இணைப்பு இருக்க, இறக்கியவர் மகனாகவோ, வாடகைக்கு இருப்பவராகவோ இருக்கலாம். லிட்டில் இந்தியாவின் கடைவீட்டு மாடிகளில் பலர் சேர்ந்து ஒரே இணைப்பைப் பயன்படுத்தும் இடத்தில் இக்குழப்பம் இன்னும் மிகும். எனினும் கடிதம் சந்தாதாரருக்கே வரும். விளக்க வேண்டிய சுமையும் அவர் தலையிலேயே விழும்.

அச்சுமை சிறிதன்று. 2005ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம், விற்பனை நோக்கம் இல்லாவிடினும் தெரிந்தே பெருமளவில் பதிப்புரிமையை மீறுவதைக் குற்றமாக்கியது. முதல் முறைக்கு 20,000 வெள்ளி வரை அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று அது வகுத்தது. உரிமையாளர் தொடுக்கும் வழக்கு இதனின் வேறானது.

எண்ணை மறைக்க இடைநிலைச் சேவைகளை நாடுவோர் உளர். மறைப்பு முழுமையானதென்று நம்புவது தவறு. அத்தகைய சேவையை நடத்துபவர் எண்ணை அறிவார். நம்பிக்கை இடம் மாறுகின்றதேயன்றி நீங்குவதில்லை. 'டோர்' என்னும் மறைப்பு வலையின் வழியே டோரன்டைச் செலுத்தியோரின் உண்மை எண்களைப் பிரெஞ்சு நாட்டு இன்ரியா ஆய்வாளர்கள் கண்டறிந்து 2011ஆம் ஆண்டில் வெளியிட்டனர். உறையின்மேல் முகவரி எழுதாமல் ஒட்டி அனுப்பினாலும், உள்ளிருந்த மடலில் மென்பொருள் தானே முகவரியை எழுதிவிட்டிருந்தது.

தமிழ்ப் படவுலகம் சென்றது வேறு வழி. 2012ஆம் ஆண்டில் '3' என்னும் படத்துக்காகச் சென்னை உயர்நீதிமன்றத்தில் பெறப்பட்ட ஆணை, பெயர் தெரியாத எதிராளிகளுக்கு எதிரானது. இத்தகைய ஆணைகளில் எதிராளிக்கு 'அசோக் குமார்' என்று ஒரு கற்பனைப் பெயர் சூட்டுவது இந்திய நீதிமன்ற வழக்கம். அங்குத் தேடப்பட்டவர் ஆள் அல்லர். அடைக்க வேண்டிய வாயில். இணைய நிறுவனங்கள் அச்சத்தால் தளங்களையே முழுமையாக அடைத்துவிட, குறிப்பிட்ட பக்கங்களை மட்டுமே அடைக்க வேண்டும் என்று அவ்வாண்டு ஜூனில் நீதிமன்றம் தெளிவுபடுத்த நேர்ந்தது. சிங்கப்பூரும் பின்னர் இவ்வழிக்கு வந்தது. 2014ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2018இல் 53 தளங்கள் அடைக்கப்பட்டன.

இப்போது டோரன்டின் இடத்தைப் பெருமளவு பிடித்திருப்பது தொலைக்காட்சியில் இணைக்கும் சிறு பெட்டி. 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டம் அத்தகைய பெட்டிகளை விற்போரையும் பொறுப்பாக்கியது. 2022 அக்டோபரில், லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய சிம் லிம் ஸ்கொயர் கடைகளில் காவல்துறை சோதனை நடத்தியது. படத்தை ஓடவிட்டுக் காட்டுவதே பெரும்பாலான பெட்டிகளின் வேலையாதலின், பார்ப்பவரின் எண் முன்போல் திரளின் நடுவே கிடப்பதில்லை. ஆனால் பெட்டி வீட்டின் இணைப்புக்குள்ளேயே, வங்கிக் கணக்குப் பார்க்கும் கைப்பேசிக்கு அருகிலேயே இரவும் பகலும் இயங்குகின்றது. அதனுள் இருக்கும் மென்பொருளை எழுதியவர் யார், அஃது எங்கே என்ன அனுப்புகின்றது என்பதை வாங்கியவர் அறியார். விற்றவரும் பெரும்பாலும் அறியார்.