மூளையில் இழையம் ஒட்டல்

1817 இல் ஜேம்ஸ் பாக்கின்சன் என்னும் இலண்டன் வைத்தியர் விரித்துரைத்த நடுக்குவாதத்தில், நடுமூளையின் ஒரு சிறு பகுதியிலுள்ள நரம்புக்கலங்கள் அழிகின்றன. அவற்றின் சுரப்பாகிய தோபமீன் இந்நோயாளரின் மூளையிற் குன்றியிருத்தலை 1960 இல் வியன்னா ஆய்வாளர் கண்டனர். இலெவோதோபா என்னும் மருந்து அக்குறையை ஓரளவு நிரப்பும். ஆயின் ஆண்டுகள் செல்லச்செல்ல அதன் பயன் நிலைத்து நில்லாது. ஆகவே, தோபமீனைச் சுரக்கும் இழையத்தையே மூளையில் ஒட்டினால் என்ன என்ற எண்ணம் எழுந்தது.

1982 இல் சுவீடனின் தொக்கோம் நகரில், நோயாளியின் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியிலிருந்தே இழையம் எடுத்து மூளையில் வைக்கப்பட்டது. பயன் சொற்பமே. ஆனால் 1987 இல் மெக்சிக்கோ நாட்டு மதிராசோ, இருவர் பெரிதும் தேறினர் என அறிவித்ததும், பல நாடுகளில் நூற்றுக்கணக்கானோர் இச்சத்திரசிகிச்சைக்கு உட்பட்டனர். பின்னர் இறந்தோரின் மூளையைச் சோதித்தபோது, ஒட்டிய கலங்கள் பெரும்பாலும் பிழைத்திருக்கவில்லை. முறை கைவிடப்பட்டது.

அதே 1987 இல் சுவீடனின் லுண்ட் நகரில், கருக்கலைப்பிற் கிடைத்த சிசுவின் நடுமூளை இழையம் ஒட்டப்பட்டது. இவ்வகை ஒட்டுப் பெற்றோருட் சிலர் ஆண்டுக்கணக்கில் மருந்தின்றி நடமாடினர். எனினும், தேறியது ஒட்டினாலா, நம்பிக்கையினாலா?

இதனை அறிய ஐக்கிய அமெரிக்காவில் நடந்த சோதனையின் முடிவு 2001 இல் வெளிவந்தது. நாற்பது நோயாளருள் இருபதின்மர்க்கே இழையம் ஒட்டப்பட்டது. ஏனையோர்க்கு மண்டையோட்டில் துளை மட்டும் இடப்பட்டது. எவர் எதைப் பெற்றார் என்பதை நோயாளர் அறியார். இது கொடுமையெனச் சிலர் கண்டித்தனர். ஆயினும், பயன் ஐயத்துக்குரிய சிகிச்சையை ஆராயாது பலர்க்குச் செய்தலே பெருங்கொடுமை. ஓராண்டின் பின் நோயாளர் தம் நிலைபற்றித் தாமே அளித்த மதிப்பீட்டில் இரு சாராரிடையும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அறுபது வயதுக்குட்பட்டோரின் அசைவு மட்டும் சற்றே சீர்ப்பட்டது. ஒட்டுப் பெற்ற சிலர்க்கோ, மருந்தைக் குறைத்தும் அடங்காத வேண்டா அசைவுகள் தோன்றின. இவர்களுட் பலரை வினவி 2004 இல் வெளியிடப்பட்ட ஆய்வு இன்னும் வியப்பானது: ஒட்டுப் பெற்றதாக எண்ணியோர், மெய்யாகப் பெறாதிருந்தும், தம் வாழ்வு மேம்பட்டதென்றே கூறினர்.

2008 இல் வேறோர் இடர் தெரியவந்தது. ஒட்டின்பின் பத்தாண்டுக்கு மேல் வாழ்ந்து இறந்த சிலரின் மூளையில், ஒட்டிய இளங்கலங்களிலேயே அந்நோயின் குறிகள் காணப்பட்டன.

சிசுவின் இழையத்துக்குப் பதிலாக, வளர்ந்தோரின் கலங்களை முளையநிலைக்கு மீட்டு, அவற்றிலிருந்து ஆக்கிய நரம்புக்கலங்களை யப்பானின் கியோத்தோ வைத்தியர் எழுவர்க்கு ஒட்டினர். 2025 இல் வெளியான அவர்தம் அறிக்கையின்படி, ஒட்டிய கலங்கள் பிழைத்துத் தோபமீனைச் சுரந்தன. பாரிய தீங்கு நேரவில்லை. சிலரின் அசைவு சீர்ப்பட்டது. துளை மட்டும் இடப்பட்ட ஒப்புநோக்குக் குழு அச்சோதனையில் இருக்கவில்லை.