ஜரியாவின் நெருப்பு

ஆலப்புழை எக்ஸ்பிரஸில் ஏறிச் சேலம், ஈரோடு, கோவை சென்று திரும்பும் நம் குடும்பங்களுக்குத் தன்பாத் என்னும் பெயர் புதிதன்று. அந்நகரை அடுத்த ஜரியாவில் கிடைப்பது உருக்காலைகளுக்கு இன்றியமையாத உயர்ந்த நிலக்கரி. தண்டவாளத்துக்கும் பாலத்துக்கும் வேண்டிய எஃகு, நூறாண்டுக்கு மேலாக அக்கரியின் துணையால் உருகி வந்திருக்கிறது. ரயில்வே சம்பளம் வாங்கும் நாம் அதனை மறத்தலாகாது.

ஆனால் 1916-ஆம் ஆண்டிலேயே அங்கே பூமிக்கடியில் நெருப்பு காணப்பட்டது; இன்றும் அணைந்தபாடில்லை. கரியைத் தோண்டியெடுத்த வெற்றிடத்தை மணலிட்டு நிரப்புவதே முறை. பல சுரங்கங்களில் அதனைச் செய்யாமலே விட்டனர். காற்றுப் புகுந்தது, எஞ்சிய கரி தானே கனன்று பற்றிக்கொண்டது. தரை பிளந்து புகை எழுகிறது, வீடுகள் உள்வாங்குகின்றன. 2017 ஜூன் 15-ஆம் தேதி தன்பாத்–சந்திரபுரா ரயில் பாதையையே மூட நேர்ந்தது. 2019-இல் அதில் மீண்டும் வண்டிகள் ஓடின. பாதையைப் பற்றிக் கவலைப்பட ஓர் இலாகா இருக்கிறது. குடிகளுக்கு யார்?

மறுகுடியேற்றத்துக்கான பெருந்திட்டத்தை அரசு 2009-இல் ஏற்றது. பெல்கரியாவில் அடுக்கு வீடுகள் எழுந்தன. எனினும் பலர் போக மறுக்கின்றனர். கரி பொறுக்கிக் கூடையில் சுமந்து விற்பவனுக்குப் பிழைப்பு ஜரியாவில்தான். வேலையில்லாத இடத்தில் வீடு கொடுத்தால் போதும் என்று எண்ணியவர்கள், வேலைக்காகவே ஊரைவிட்டு வந்த நம்மைக் கேட்டிருக்கலாம். பெல்கரியாவுக்குக் குடிபோனவர்களிலும் பலர், கூலியைத் தேடி அந்தப் புகைக்குள்ளேயே திரும்பி வருகின்றனர்.