கணினியிலுள்ள மின்னூலைக் கைக்கருவிக்கு மாற்றுவது எப்படி?

காகிதத்தில் அச்சிட்டவையே நூல்கள் என்றிருந்த நிலை மாறி, மின்னூல்கள் இன்று நம் இல்லங்களுக்குள்ளும் வந்துவிட்டன. 1998-ம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், தன்னார்வத் தொண்டர்களின் கூட்டுழைப்பால் பழந்தமிழ் இலக்கியங்களை மின்வடிவில் விலையின்றி வழங்கி வருகிறது. ஆயினும், கணினியில் இறக்கிய நூலைக் கைக்கருவிக்கு மாற்றும் வகை அறியாமல் அங்கத்தினர் பலர் அதனை அங்கேயே விட்டுவிடுகின்றனர். அன்னாருக்குப் பயன்படுமாறு அம்முறையை இங்கு விளக்க விரும்புகிறோம்.

நூலின் வடிவம்

முதலில் அறிய வேண்டியது நூலின் வடிவமாகும். பிடிஎஃப் என்பது அச்சுப் பக்கத்தை உள்ளது உள்ளபடியே காட்டுவது. சிறிய திரையில் எழுத்து நுணுகிவிடும். பெரிதாக்கினாலோ வரி திரைக்கு வெளியே சென்றுவிடும். ஈபப் வடிவம் திரையின் அகலத்திற்கேற்ப வரிகளை மடித்துக்கொள்ளும். கண்பார்வை மங்கிய முதியோரும் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம். ஆகவே, இரண்டும் கிடைக்குமாயின் ஈபப்பையே கொள்வது நலம்.

கோபோ கருவியும் பலகைக் கணினிகளும் ஈபப்பை ஏற்கும். கிண்டில் கருவியோ, கம்பி வழியாக நேரே வைத்த ஈபப் நூலைத் திறவாது. 2006-ல் கோவித் கோயல் என்பவர் தொடங்கிய காலிபர் என்னும் இலவச மென்பொருளால், அதனை ஏஇசட்டபிள்யூ3 வடிவிற்கு மாற்றி வைத்தல் வேண்டும். மேலும், பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட தமிழ்க் கோப்புகள் பொருளற்ற குறிகளாகத் தோன்றக்கூடும். ஒருங்குறியில் அமைந்த நூலாயின் இத்தொல்லை நேராது.

மாற்றும் முறை

கருவியைக் கம்பியால் கணினியுடன் இணைக்க வேண்டும். சில கம்பிகள் மின்சாரத்தை மட்டுமே கடத்தும். அவற்றால் நூல் செல்லாது. கருவி கணினியில் தோன்றாவிடில் முதலில் கம்பியை மாற்றிப் பார்க்க. ஆண்ட்ராய்டு பலகைக் கணினியாயின், திரையின் மேற்புறத்து அறிவிப்பைத் தொட்டு, ‘கோப்பு மாற்றம்’ என்பதைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். கோபோ, இணைக்கலாமா என்று தானே கேட்கும்.

பின்னர், நூலின் கோப்பை நகலெடுத்துக் கருவியில் இட வேண்டும். கிண்டிலில் ‘டாக்குமென்ட்ஸ்’ என்னும் கோப்புறையும், பலகைக் கணினியில் ‘டவுன்லோட்’ கோப்புறையும் இதற்கு ஏற்றவை. நகல் முடிந்தவுடன் கம்பியைப் பிடுங்கிவிடலாகாது. கணினி எழுதி முடிக்காதிருப்பின் கோப்பு பழுதுபடும். கணினியிலுள்ள ‘வெளியேற்று’ என்னும் கட்டளையைக் கொடுத்த பின்னரே கம்பியைக் கழற்றுக.

பிரதியைப் பாதுகாத்தல்

கருவியில் இருக்கிறதே என்று கணினியிலுள்ள பிரதியை அழித்துவிடுதல் தவறு. 2009 ஜூலையில், உரிமையில்லாதவர் விற்றவை என்ற காரணத்தால், ஜார்ஜ் ஆர்வெல்லின் இரு நூல்களை அமேசான் நிறுவனம் வாங்கியோரின் கருவிகளிலிருந்தே அகற்றிவிட்டது. பணம் திருப்பித் தரப்பட்டது. தலைவரும் மன்னிப்புக் கோரினார். வாங்கிய கிண்டில் நூல்களைக் கணினியில் இறக்கிக் கம்பிவழி மாற்றும் வசதியையும் அந்நிறுவனம் 2025 பிப்ரவரி 26-ல் நிறுத்திற்று. விலைகொடுத்தும் நாம் பெறுவது பெரும்பாலும் படிக்கும் அனுமதியே என்பதை இவை உணர்த்துகின்றன.

ஆதலின், பூட்டின்றி வழங்கப்படும் நூல்களுக்குக் கணினியில் ஒன்றும், தனி வட்டிலோ நினைவுக் குச்சியிலோ ஒன்றுமாக இரு பிரதிகள் வைத்திருத்தல் நன்று. விதைநெல்லை ஒரே குதிரில் கொட்டி வைப்பவர் உண்டோ?

பிறர் உரிமையைப் பேணுதலும் நம் கடமையே. இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நிலவும். அக்காலம் கடந்தவற்றையும், நாட்டுடைமையானவற்றையும், ஆசிரியரே பகிர இசைந்தவற்றையும் தாராளமாகப் பகிர்ந்து கொள்ளலாம். இம்முறையை அறிந்த அங்கத்தினர் அறியாத அண்டை வீட்டாருக்கும் ஒருமுறை செய்து காட்டுவாராக.