எச்சரிக்கை விளக்கும் எரியாத உருளையும்

மகிழுந்தின் முகப்புப் பலகையில் எஞ்சின் வடிவிலான சிறிய மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியதும், வண்டி ஓடுகிறதே என்று அதனைப் பொருட்படுத்தாமல் விடுவோர் பலர். உடனே பணிமனைக்குச் சென்று, ஒன்றன்பின் ஒன்றாகப் பாகங்களை மாற்றிப் பணத்தை இழப்போரும் உளர். விளக்கு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை அறியாமையே இவ்விரண்டிற்கும் காரணம்.

இவ்விளக்கு முதன்மையாகக் காற்றைக் காப்பதற்கென்றே சட்டத்தின் வழி வந்தது. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு முதல் விற்பனையான புதிய மகிழுந்துகள் அனைத்திலும், புகையை மிகுவிக்கும் பழுதுகளைத் தாமே கண்டறியும் கணினி அமைப்பு கட்டாயமாயிற்று. இந்தியாவிலும் மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் படிப்படியாக இதனைக் கொணர்ந்தன. அவ்வமைப்பு கண்டறியும் பழுதுகளுள் முக்கியமானது, உருளையில் எரிதல் தவறுதல். பணிமனைகளில் இதனை ‘மிஸ்ஸிங்’ என்பர்.

நான்கு வீச்சுப் பெட்ரோல் எஞ்சினில், கிராங்க் தண்டு இருமுறை சுழல்வதற்குள் ஒவ்வோர் உருளையிலும் ஒருமுறை எரிதல் நிகழ வேண்டும். நிமிடத்திற்கு 3000 சுற்றுகள் சுழலும் நான்கு உருளை எஞ்சினில் இது நொடிக்கு 100 முறை நிகழ்கிறது. இவற்றுள் ஒன்று தவறினால் கணினி அதனை எங்ஙனம் அறியும்? கிராங்க் தண்டுடன் சுழலும் பற்சக்கரம் ஒன்றின் அருகே ஓர் உணரி பொருத்தப்பட்டுள்ளது. ஒரு பல் கடந்து அடுத்த பல் வருவதற்கான நேரத்தைக் கணினி அளந்துகொண்டே இருக்கும். எரிதல் நிகழாத உருளையின் முறை வரும்போது தண்டிற்குத் தள்ளுவிசை கிடைப்பதில்லை. அக்கணத்தில் அது சிறிது தளர்கிறது. அந்நுண்ணிய தளர்ச்சியே சான்று. குண்டும் குழியுமான சாலையில் சக்கரங்கள் அதிரும்போதும் தண்டின் வேகம் இவ்வாறு மாறக்கூடும் என்பதால், அத்தகைய நேரங்களில் இச்சோதனையை நிறுத்திவைக்கும் ஏற்பாடும் பல வண்டிகளில் உண்டு.

விளக்கு நிலையாக எரிந்தால், விரைவில் சோதிக்க வேண்டும். விட்டுவிட்டு மின்னினால் நிலைமை வேறு. எரியாத பெட்ரோல், புகைபோக்கி வழியில் உள்ள வினையூக்கி மாற்றிக்குள் சென்று அங்கே எரிகிறது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் பூசப்பெற்ற அதன் தேன்கூடு போன்ற உட்பகுதி, மிகுந்த வெப்பத்தால் உருகிவிடக்கூடும். சில நூறு ரூபாய்ப் பழுது பல்லாயிரம் ரூபாய்ச் செலவாக வளர்வது இவ்வாறே. ஆகவே, விளக்கு மின்னும்போது வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்துவதே முறை.

கணினியின் நினைவில் பதிந்த குறியீட்டை ஸ்கேனர் கருவி காட்டும். பி0300 என்பது பல உருளைகளில் அல்லது உருளை இன்னதென்று உறுதியாகாத நிலையில் எரிதல் தவறுவதைக் குறிக்கும். பி0303 என்பது மூன்றாம் உருளையைச் சுட்டும். பழுது நேர்ந்த கணத்தில் எஞ்சினின் வேகம், வெப்பம், சுமை எவ்வளவு இருந்தன என்பதும் உடன் பதிவாகியிருக்கும். இவற்றைக் குறித்துக்கொள்ளாமல் விளக்கை அணைத்துத் தருவது பழுது நீக்கலன்று. சான்றை அழித்தலே ஆகும்.

குறியீடு மூன்றாம் உருளையைச் சுட்டுகிறதேயன்றி அங்குக் கெட்டது எதுவென்று கூறுவதில்லை. தீப்பொறி, எரிபொருள், காற்று, அழுத்தம் ஆகியவற்றுள் எது குறைந்தாலும் எரிதல் தவறும். தீப்பொறியைச் சோதிக்க எளிய வழியொன்று உண்டு. ஒவ்வோர் உருளைக்கும் தனித்தனி இக்னிஷன் காயில் உள்ள எஞ்சினை அணைத்து, ஆறிய பின், மூன்றாம் உருளையின் காயிலையும் இரண்டாம் உருளையின் காயிலையும் இடம் மாற்றிப் பொருத்த வேண்டும். பழைய குறியீட்டை அழித்து மீண்டும் ஓட்டிப் பார்க்கையில் பி0302 தோன்றினால், பழுது காயிலோடு இடம்பெயர்ந்தது என்பது தெளிவு. மீண்டும் பி0303 தோன்றினால் காயில் குற்றமற்றது; அடுத்து ஸ்பார்க் பிளக்கை இவ்வாறே மாற்றிப் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுதல் வேண்டும். இரண்டையும் சேர்த்து மாற்றினால் பழுது நீங்கினாலும் நீங்கியது எதனால் என்பது விளங்காது. எஞ்சின் ஓடும்போதே காயிலைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் சில இடங்களில் இன்னும் உள்ளது. காயில் பன்னிரண்டு வோல்ட் மின்னழுத்தத்தைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துவது. உயிரோடு விளையாடும் இப்பழக்கம் அறவே கைவிடத்தக்கது.

கழற்றிய பிளக்கும் செய்தி சொல்லும். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் எரிதல் சீரானது. உலர்ந்த கரி படிந்திருந்தால் எரிபொருள் மிகுதி. பெட்ரோலால் நனைந்திருந்தால் தீப்பொறி வராமை. பிளக் அமரும் குழியில் எண்ணெய் தேங்கியிருந்தால் டேப்பட் கவரின் கேஸ்கட் கசிகிறது எனக் கொள்ளலாம். புதிய காயில் போட்டும் அக்கசிவை அடைக்காவிடில் பழுது திரும்பி வரும்.

தீப்பொறி சரியாயின் இன்ஜெக்டரை நோக்க வேண்டும். எஞ்சின் நின்ற நிலையில் ஓடும்போது மட்டும் தவறி, வேகம் கூடியதும் சீராகுமாயின், உறிஞ்சு வழியில் காற்றுக் கசிவு இருக்கக்கூடும். இங்கு ஒரு சிக்கலும் உண்டு. எரியாத உருளை, பயன்படுத்தாத ஆக்சிஜனைப் புகைவழியில் தள்ளுகிறது. ஆக்சிஜன் உணரி, எரிபொருள் போதவில்லை என்று இதனைப் பிழையாக உணர்த்த, கணினி மேலும் பெட்ரோலைச் செலுத்துகிறது. இதனால் உணரியே கெட்டதென்று கருதி அதனை மாற்றுவோரும் உண்டு.

இவையனைத்தும் சரியாக இருந்தும் தவறு நீங்காவிடில், உருளையின் அழுத்தத்தை அளந்து மற்ற உருளைகளுடன் ஒப்பிட வேண்டும். குறைந்த உருளையில் சிறிது எண்ணெய் ஊற்றி அளக்கும்போது அழுத்தம் உயர்ந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன. உயராவிடில் வால்வோ தலைப்பகுதிக் கேஸ்கட்டோ காரணமாகலாம்.

பழுது நீக்கியபின் விளக்கு அணைந்ததை மட்டும் கொண்டு பணி முடிந்ததாகக் கொள்ளலாகாது. முன்னர்க் குறித்துவைத்த அதே வேகம், அதே வெப்பம், அதே சுமையில் வண்டியை ஓட்டி, ஸ்கேனரில் அவ்வுருளையின் தவறு எண்ணிக்கை சுழியமாகவே நிற்கிறதா என்று பார்த்த பின்னரே வண்டியை உரியவரிடம் ஒப்படைப்பர்.