கணநேரக் கவனக்குறைவும் மோட்டார்ச் சைக்கிள் விபத்தும்

விழா மலரிலே கல்லூரியின் வரலாற்றையும் அதனை வளர்த்த பெரியார்களையும் பற்றி எழுதுவதே மரபு. அப்பணியை எம்மினும் தகுதி வாய்ந்தோர் இம்மலரிலே செய்திருக்கின்றனர். யாம் எடுத்துக்கொண்ட பொருள் சிறியது. எனினும், ஒருகாலத்தில் துவிச்சக்கர வண்டிகள் வரிசையாய் நின்ற கல்லூரிக் கொட்டகையிலே இன்று மோட்டார்ச் சைக்கிள்கள் நெருங்கி நிற்பதைக் காண்போர் அதனைப் புறம்பானதென்று தள்ளமாட்டார் என நம்புகின்றோம். அவ்வண்டிகளுள் பிறேக்குப் பிடி வளையாததும் பக்கக் கண்ணாடி கீறுபடாததும் எத்தனையென்று ஒருநாள் எண்ணிப் பார்த்தோம். ஒரு கைவிரல்களுக்குள் எண்ணிக்கை அடங்கிற்று.

இவ்வடுக்களுக்குக் காரணமான விபத்துக்களைப் பற்றி எவரும் பேசுவதில்லை. பொலிசார் ஏட்டிலே அவை ஏறுவதில்லை, வைத்தியசாலைக்கும் செல்வதில்லை. வீட்டிலே சிறிது மருந்து தடவப்படும், அவ்வளவே. காரணம் கேட்டால், மணல் சறுக்கியது என்பர். ஆடு குறுக்கே பாய்ந்தது என்பர். மணல் நேற்றும் அங்கேதான் கிடந்தது. ஆடும் அவ்வொழுங்கையிலே பிறந்து வளர்ந்த ஆடுதான். அன்று மாறியிருந்தது வேறொன்று.

எமது அநுபவத்தையே கூறுவோம். சென்ற மாரிகாலத்தில் ஒருநாள் மாலை, மலர்க்குழுவின் கூட்டம் முடிந்து வீடு திரும்பினோம். அச்சகத்தார் கேட்ட தொகையும் சங்கத்தின் கையிருப்பும் ஒன்றுக்கொன்று ஒவ்வாதிருந்தன. அக்கணக்கை மனத்திலே கூட்டியும் கழித்தும் வாயிலைக் கடந்து, இடப்புற ஒழுங்கையில் வண்டியைத் திருப்பினோம். முடக்கிலே மழைவெள்ளம் ஒதுக்கிய மணல் கிடந்தது. காலையில் அதனைக் கண்டு விலகிச் சென்றவரும் யாமே. மாலையிலோ முன்சில்லு அதனுள் இறங்கிய பின்னரே மணலின் நினைவு வந்தது. திடுக்குற்று முன்பிறேக்கை இறுகப் பிடித்தோம். மறுகணம் நிலத்திலே கிடந்தோம்.

மதிலோரம் நின்ற முதியவர் ஒருவர் ஓடிவந்து எம்மைத் தூக்கி நிறுத்தி, “என்ன தம்பி, யோசினை எங்கை?” என்றார். எமக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. ஆயினும் அவருக்கு யாம் தம்பியே. என்ன வேகத்தில் வந்தீர் என்று அவர் கேட்கவில்லை. காரணத்தை அவர் உடனே கண்டுகொண்டார் என்பதைப் பின்னர் நினைத்து வெட்கினோம்.

நிகழ்ந்தது யாதெனச் சற்று ஆராய்வோம். சில்லு நிலத்தைப் பற்றும் வலிமைக்கு ஓர் எல்லையுண்டு. திரும்புவதற்கும் நிறுத்துவதற்கும் அவ்வொரு வலிமையே பங்கிடப்படல் வேண்டும். மணலிலே அது மிகக் குறைவு. திரும்பிக்கொண்டிருக்கும் முன்சில்லை அந்நேரத்திலே நிறுத்தவும் முற்பட்டால் அது சுழல்வதை விட்டு வழுக்கும். முன்சில்லு வழுக்கிய வண்டியை நிமிர்த்துதல் பெரும்பாலும் இயலாது. இவற்றையெல்லாம் யாம் நன்கு அறிவோம். மாணவர்க்கு உராய்வைப் பற்றிப் படிப்பித்தும் இருக்கின்றோம். வேண்டியவேளையில் அவ்வறிவு எம்மிடம் இருக்கவில்லை, அச்சகத்தாரிடம் போயிருந்தது.

கணநேரம் என்பது எத்துணைத் தூரம்? மணிக்கு 36 கிலோமீற்றர் வேகம் மோட்டார்ச் சைக்கிளுக்கு ஒரு வேகமேயன்று. அவ்வேகத்தில் வண்டி ஒரு செக்கனில் 10 மீற்றர் செல்லும். சட்டைப் பையிலே கைத்தொலைபேசி அதிர்கின்றது. அழைப்பவர் யாரென்று இரண்டு செக்கன் குனிந்து பார்க்கின்றோம். வண்டி 20 மீற்றர் சென்றுவிடுகின்றது. கிறிக்கெற்று ஆடியோர்க்கு இத்தூரத்தை விளக்கவேண்டியதில்லை. ஒரு விக்கெற்றிலிருந்து மறு விக்கெற்றுவரை கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்கு அது சமம். அமெரிக்காவிலே லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 900 மோட்டார்ச் சைக்கிள் விபத்துக்களை நேரிற் சென்று ஆராய்ந்த ஹரி ஹேர்ட் என்பார் 1981 ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையிலே, ஆபத்தைக் கண்டு தப்புவதற்கு ஓட்டுநருக்குக் கிடைத்த நேரம் இரண்டு செக்கனுக்குச் சற்றுக் குறைவே என்று காட்டியிருக்கின்றார். இருக்கும் முதல் முழுவதையும் தொலைபேசிக்குக் கொடுத்துவிட்டால் எஞ்சுவது ஒன்றுமில்லை.

கண்ணை வீதியில் வைத்திருந்தாற் போதாதோ என்று வினவலாம். போதாது. மனம் வேறிடத்தில் இருப்பின் கண் பார்க்கும்; ஆனாற் காணாது. 1999 ஆம் ஆண்டு சைமன்ஸ், சப்ரிஸ் என்னும் உளநூலார் இருவர் ஒரு படத்தைச் சிலருக்குக் காட்டி, அதிலுள்ளோர் பந்தை எத்தனைமுறை கைமாற்றுகின்றனர் என்று எண்ணும்படி பணித்தனர். ஆட்டத்தின் நடுவே கொரில்லா வேடம் பூண்ட ஒருவர் வந்து, மார்பிலடித்து நின்று சென்றார். எண்ணிக்கொண்டிருந்தோருட் பாதிப்பேர் வரையில் அதனைக் காணவேயில்லை. மணலைக் காணாத எமக்கு இச்செய்தி ஓரளவு ஆறுதலளித்தது. கைத்தொலைபேசியைக் கையிலே பிடியாது காதிற் செருகிப் பேசுவோரும் இதனைக் கருதவேண்டும். 2001 இல் யூற்றாப் பல்கலைக்கழகத்தார் நடத்திய சோதனையிலே, கையிற் பிடித்துப் பேசினோரும் பிடியாது பேசினோரும் ஒரேயளவாகவே சமிக்ஞைகளைத் தவறவிட்டனர். கைக்கு ஓய்விருந்தது, மனத்துக்கு இல்லை.

மெதுவாகச் செல்பவர்க்கு இவ்வச்சம் இல்லையென்பது பலர் கொள்கை. யாம் இதனை ஒருபாதியே ஒப்புவோம். நல்ல வேகத்தில் ஓடும் வண்டி பெரும்பாலும் தானே நிமிர்ந்து ஓடும். நடைவேகத்துக்கு இறங்கியதும் அது அப்பண்பை இழக்கின்றது. அப்போது அதனை விழாது நிறுத்துவது ஓட்டுநரின் கையும் கண்ணுமே. வீட்டுப்படலை தென்பட்டதும் வேகம் குறைகின்றது. வண்டிக்கு எம் துணை மிக வேண்டிய அவ்வேளையிலேதான் மனம் முன்னதாகவே இறங்கி அடுக்களைக்குட் சென்றுவிடுகின்றது. கொழும்புவரை சென்று பழுதின்றி மீண்டவர் தம் வாசலிலே விழுவது இதனாலேயே.

மறதியின் மற்றொரு வகை பக்கத் தாங்கியை மடக்காது புறப்படுதல். அது வண்டியின் இடப்புறத்தில் உள்ளது. நேரே செல்லும்வரை தீங்கில்லை. இடப்புறம் திரும்ப வண்டி சாய்ந்ததும், தாங்கி நிலத்தில் ஊன்றிச் சில்லைக் கிளப்பிவிடும். நம் நாட்டிலே இடப்புறமாகச் செல்வதால் இடத்திருப்பமே ஒடுக்கமானது என்பதையும் சேர்த்து எண்ணுக. புறப்படும்போது எவரேனும் படலையடியில் நின்று கதைகொடுத்தால் இம்மறதி பெரும்பாலும் நேரும்.

1990 ஆம் ஆண்டுக்குப் பின் குடாநாட்டிலே பெற்றோல் கிடையாதிருந்த காலத்தில், சில துளி பெற்றோலிற் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய பழைய ஹொண்டா வண்டிகளைப் பலர் மறந்திரார். எந்நேரம் நின்றுவிடுமோவென்று ஒவ்வொரு வெடியோசைக்கும் காதுகொடுத்தே ஓட்டவேண்டியிருந்தது. புகையை யாம் புகழவில்லை. ஆயினும் அவ்வண்டியில் இருந்து கணக்குப் பார்க்க எமக்கு ஒருபோதும் இயன்றதில்லை.

சிறு விபத்து என்னும் பெயரும் விழுந்து எழுந்த பின்னர் இடப்படுவது. தவற்றின் அளவுக்கேற்பக் காயத்தின் அளவு அமைவதில்லை. ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து வீழும் பொருள் நிலத்தைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர் வேகம் பெறுகின்றது; வண்டி நின்ற நிலையிற் சரிந்தாலும் தலைக்கு இதுவே வேகம். 1935 இல் மோட்டார்ச் சைக்கிள் விபத்தில் இறந்த அராபிய லோறன்சுக்குச் சிகிச்சையளித்த மருத்துவருள் ஒருவரான கெயான்ஸ், பின்னர் படைத்தூதரின் தலைக்காயங்களை ஆராய்ந்தார். 1941 இல் பிரித்தானியப் படையிலே மோட்டார்ச் சைக்கிள் ஓட்டுவோர்க்குத் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. எம் தலைக்கவசத்திலும் அன்றைய கீறல் ஒரு சாண் நீளத்துக்கு உள்ளது. முழங்காற் காயத்தையே எல்லோரும் விசாரித்தனர்.

வாயிலருகேயுள்ள மணல் இதனை எழுதும் இன்றும் அகற்றப்படவில்லை. சங்கத்தின் அடுத்த கூட்டத்திலே அதுபற்றிப் பிரேரணையொன்று கொண்டுவர எண்ணியுள்ளோம். வழிமொழிவதற்கு மூவர் ஏற்கெனவே இசைந்துள்ளனர். அம்மூவரும் அங்கே விழுந்தவர்கள்.