பழைய பாய்க்கலமும் புதிய வழிகாட்டு மின்கருவிகளும்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் நெடுஞ்சாலையில், மாத்தளையைக் கடந்து பலாபத்வல ஊடாகச் செல்லும் வாகன ஓட்டுநருக்கு அவர் நிற்கும் இடத்தைக் கைத்தொலைபேசி சில மீற்றர் பிழையுடன் காட்டிவிடுகின்றது. கடல் காணாத அம்மலைச்சாரலில் வழிகாட்டும் அதே செய்மதிகள்தாம் நடுக்கடலிற் பாய்க்கலத்துக்கும் வழிகாட்டுவன. ஆயினும் கருவி ஓய்ந்தால் ஓட்டுநர் தெருவோரக் கடையில் வழி கேட்கலாம். கடலோடி யாரிடம் கேட்பது? பழைய கலமொன்றிற் புதிய மின்கருவிகளைப் பொருத்த முனைவோர் முதலில் எண்ணவேண்டியது இதுவே.

இக்கருவிகளின்றியும் நம்மவர் கடல் கடந்தனர். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் 89 அடி நீளப் பாய்க்கப்பல், அமெரிக்கரான வில்லியம் றொபின்சனால் வாங்கப்பெற்று, அவ்வூர் மாலுமிகளுடன் புறப்பட்டு, 1938 ஆகஸ்ட் 1இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொசெஸ்ரர் துறையை அடைந்தது. இதனைக் காட்டிப் பழமையே போதும் என வாதிடுவோர் உளர். நாம் அதற்கு உடன்படோம். பழைய முறையிலேயே கலம் செலுத்தவேண்டும் என்ற விதியுடைய உலகஞ்சுற்றும் போட்டியொன்றில், 2018 செப்டெம்பரில், அபிலாஷ் தோமியின் 'துரியா' தென் இந்து சமுத்திரத்திற் பாய்மரம் முறிந்து மிதந்தது. முதுகிற் காயமுற்று எழமுடியாது கிடந்த அவரிடம் மூன்றாம் நாள் மீட்புக் கப்பலைச் சேர்ப்பித்தவை, அவசரத் தேவைக்கென அனுமதிக்கப்பட்ட செய்மதிக் கருவிகளே.

எனவே புதுப்பித்தல் வேண்டும். எங்கிருந்து தொடங்குவது என்பதே கேள்வி. பலர் பெரிய வண்ணத்திரையை முதலில் வாங்குகின்றனர். இது தவறு என்பது எம் துணிபு. பழைய கலத்தின் நோய் பெரும்பாலும் மின்கம்பியிலேயே உள்ளது. உப்புக்காற்றிற் செம்பு களிம்பேறும். இணைப்புகளில் மின்தடை கூடும். 12 வோற்று என்று எண்ணிய மின்னழுத்தம் கருவியை அடையுமுன் குறைந்துவிடும். இயந்திரத்தை முடுக்கும் கணத்தில் திரை அணைந்து மீள்வது இதனாலேயாம். வெள்ளீயம் பூசிய செப்புக்கம்பி, கருவிகளுக்கெனத் தனிப் பற்றரி, ஒவ்வோர் இணைப்புக்கும் உருகி: இவை அமைந்த பின்னரே திரையைப் பற்றிப் பேசலாம்.

செய்மதி வாங்கியையும் மாற்றுதல் நன்று. அமெரிக்கப் படைத்துறையின் ஜி.பி.எஸ். ஒழுங்கு, 2000 மே மாதம் வரை பொதுமக்களுக்குரிய குறிகையை வேண்டுமென்றே பிழைபடுத்தியது என்பதை மறத்தலாகாது. ஒரு நாட்டின் விருப்பில் மாத்திரம் தங்கியிராது ரஷ்ய, ஐரோப்பிய, சீனச் செய்மதிகளையும் கேட்கும் வாங்கிகள் இன்று எளிதிற் கிடைக்கின்றன. மரக்கலம் ராடரில் மங்கலாகவே தெரியும். ஆதலால் தன் இடத்தையும் விரைவையும் அயற்கப்பல்களுக்கு வானொலியில் அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவியும் பயனுடைத்து.

காந்தத் திசைகாட்டியை மட்டும் அகற்றலாகாது. மின்சாரம் வேண்டாத கருவி அது. ஆனால் அதனருகே ஒலிபெருக்கியோ மின்கம்பியோ வந்தால் ஊசி விலகும். பொருத்தியபின் விலகலை மீள அளந்து அட்டவணைப்படுத்தல் வேண்டும்.

கடதாசி வரைபடத்திலும் ஒரு பொறி உண்டு. இலங்கை நில அளவையின் பழைய கந்தவல ஆதாரத்தில் வரைந்த படத்தில், செய்மதி தரும் ஆள்கூற்றை அப்படியே குறித்தால் நூறு மீற்றருக்கும் மேலாக இடம் பிசகும். பாறைகளுக்கிடையே இரவில் துறை புகும் கலத்துக்கு அது சிறு தூரமன்று. படத்தின் ஓரத்திலுள்ள ஆதாரக் குறிப்பைப் படித்து, வாங்கியை அதற்கேற்ப அமைத்த பின்னரே புள்ளியிடல் வேண்டும்.