விழிக்க மறுக்கும் கணினி

கணினியின் உறுப்புகளுக்கும் அதில் இயங்கும் செயலிகளுக்கும் இடைநின்று பணிபுரிவது இயங்குதளம். அவ்வியங்குதளத்தின் உயிர்நிலை 'கெர்னல்' எனப்படும் உட்கருவாகும். லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்தபோது, 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட லினக்ஸ் உட்கருவின் மூலநிரல் யாவர்க்கும் திறந்து கிடப்பது. ஆதலின், வேண்டுவன கொண்டு, வேண்டாதன விலக்கி, தம் பொறிக்கு ஏற்ற உட்கருவைத் தாமே தொகுத்துக்கொள்வோர் உளர்.

அவ்வாறு தொகுத்த உட்கரு முதன்முறையே எழாமற் போதல் புதுமையன்று. திரையில் சில வரிகள் ஓடும். பின்னர்ப் பீதி என்னும் பொருள்தரும் 'பேனிக்' என்ற சொல்லோடு கணினி உறைந்து நிற்கும். அதுகண்டு அஞ்சி, வட்டில் உள்ளவை யாவும் அழிந்தன எனக் கருதி, அனைத்தையும் துடைத்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவ முற்படுவோர் சிலர். அதுவரை அழியாதிருந்த கோப்புகள் அப்போதுதான் உண்மையாகவே அழிகின்றன! நோய் இன்னதென்று அறியாமல் செய்யும் மருத்துவம் நோயினும் கொடிது.

நோயை அறியக் கணினி விழித்தெழும் படிகளை அறிதல் வேண்டும். அவை நான்கு. மின்விசை பாய்ந்ததும் முதற்கண் இயங்குவது தாய்ப்பலகையில் பதிந்துள்ள நிலைபொருள். பழைய கணினிகளில் இது பயாஸ், புதியவற்றில் யூஇஎஃப்ஐ. இரண்டாவதாக, 'கிரப்' போன்ற துவக்கி எழுந்து உட்கருவை நினைவகத்தில் ஏற்றும். மூன்றாவதாக, உட்கரு வன்பொருள்களை இனங்கண்டு, வேர்க்கோப்பு முறைமையை இணைக்கும். இறுதியாக, 'இனிட்' என்னும் முதற்செயலைத் தொடங்கிவைக்கும். எப்படியில் கணினி நின்றது என்பதே முதல் வினா. துவக்கியின் பட்டியலே தோன்றவில்லையாயின், குற்றம் உட்கருவினுடையது அன்று.

மிகுதியாக நேர்வது மூன்றாம் படியின் பிழையே. வேர்க்கோப்பு முறைமையை இணைக்க இயலவில்லை என்னும் செய்தியின் இறுதியில், அடைப்புக்குள் இரண்டு எண்கள் காணப்படும். பலர் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை; ஆனால் நோயின் பெயர் அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது. எண்கள் (0,0) ஆயின், உட்கரு வட்டையே காணவில்லை என்பது பெரும்பாலும் பொருள். வட்டுக்குரிய இயக்கி விடுபட்டிருக்கலாம். அல்லது வேர் எங்குள்ளது எனத் துவக்கி தந்த முகவரி தவறாயிருக்கலாம். எண்கள் (8,1) போல வருமாயின், சாட்டா வகை வட்டின் முதற்பிரிவு கண்ணில் பட்டுவிட்டது; அதிலுள்ள எக்ஸ்ட்4 போன்ற கோப்பு முறைமையைப் படிக்கும் ஆற்றலே இல்லை எனலாம்.

இவ்வாற்றல் இல்லாமைக்குக் காரணம் விந்தையானது. தொகுக்கும்போது ஒவ்வோர் இயக்கியையும் உட்கருவினுள்ளேயே பொதியலாம். அல்லது வேண்டும்போது ஏற்றிக்கொள்ளும் தனிக்கூறாக வட்டில் வைக்கலாம். வட்டைப் படிக்கும் இயக்கியையே தனிக்கூறாக்கி அவ்வட்டில் வைத்தால், பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதையாகும். பொருள் உள்ளே பத்திரமாக இருக்கிறது; திறக்கத்தான் வழியில்லை. தீர்வு இரண்டு. அவ்வியக்கியை உட்கருவிலேயே பொதிதல் ஒன்று. 'இனிட்ராம்எஃப்எஸ்' என்னும் சிறு தற்காலிகக் கோப்புத் தொகுதியில் அதனை வைத்து, உட்கருவோடு சேர்த்துத் துவக்கியைக் கொண்டு ஏற்றுதல் மற்றொன்று.

முகவரியிலும் ஒரு நுட்பம் உண்டு. கோப்பு முறைமைக்குரிய நீண்ட அடையாள எண்ணான யூயூஐடியை உட்கரு தானே அறியாது. அதனைக் கண்டறிந்து தருவன அத்தற்காலிகத் தொகுதியிலுள்ள கருவிகளே. தொகுதி இல்லாவிடில், வட்டுப் பிரிவுக்குரிய பார்ட்யூயூஐடியையே தருதல் வேண்டும். அதனை உட்கரு நேரே அறியும்.

திரை வெறுமையாய் இருப்பின், உட்கரு இறந்தது என முடிவுகட்டலாகாது. திரைக்குரிய இயக்கி மட்டும் விடுபட்டு, ஏனையவை செவ்வனே இயங்கிக்கொண்டிருக்கலாம். துவக்க வரியில் 'குவயட்' என்ற சொல் இருப்பின் அதனை நீக்க, அதுவரை மறைந்திருந்த செய்திகள் திரையில் தோன்றக்கூடும். கிரப்பின் பட்டியலிலேயே செய்யும் இத்திருத்தம் அம்முறைக்கு மட்டும் செல்லுமாதலின், அஞ்சவேண்டுவதில்லை.

பழுது பார்ப்போர் ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்தல் நன்று. இயங்கிய பதிப்புக்கும் இயங்காத பதிப்புக்கும் இடையே 1,000 மாற்றங்கள் இருப்பினும், பாதி பாதியாகப் பகுத்துச் சோதித்தால் ஏறத்தாழ 10 சோதனைகளில் குற்றவாளி அகப்படும். 'கிட் பைசெக்ட்' என்னும் கருவி இம்முறையில் அமைந்ததே.

இவை யாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. நன்கு இயங்கும் பழைய உட்கருவையும் அதன் அமைப்புக் கோப்பையும் ஒருபோதும் நீக்கலாகாது. அது துவக்கியின் பட்டியலில் இருக்கும்வரை, புதியது எத்தனை முறை தவறினும் கணினி மீளும். அதன் உரிமையாளர் பல்லாண்டு எழுதிச் சேர்த்தவையும் மீளும்.